கடல் அனிமோன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அனிமோனைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வாங்கிய முதல் சில வாரங்களில்தான் நிறைய பேர் அனிமோனை இழக்கிறார்கள். அதனால் அந்தக் காலத்தைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அனிமோன் செடியா, விலங்கா?

விலங்குதான். பார்க்கப் பூ மாதிரி இருப்பதால் தமிழில் கடல் சாமந்தி என்று பெயர் வந்துவிட்டது. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தக்காரன். அதற்கு ஒரே ஒரு வாய்தான்; தின்பதும் கழிவைத் தள்ளுவதும் அதன் வழியாகவே. எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. உடம்புக்குள் தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கிறது. நாம் வீட்டில் வளர்க்கும் வகைகளில் பெரும்பாலானவற்றின் தசைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி தயாரிக்கும் உணவில்தான் அனிமோன் பெரும்பாலும் வாழ்கிறது. ஒரே வாய், தண்ணீரால் நிற்கும் உடம்பு, உள்ளே பாசி: இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே பிடிபடும்.

புதுத் தொட்டியில் விடலாமா?

வேண்டாம். ஆறு மாதமாவது ஓடிய தொட்டி வேண்டும், ஒரு வருடம் ஓடியிருந்தால் இன்னும் நல்லது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன, சைக்கிள் (அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகும் காலம்) முடிந்துவிட்டது, இனி என்ன என்று கேட்பார்கள். மீனுக்கு அது போதும். புதுத் தொட்டியில் காரத்தன்மையும் சத்துகளும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். பழுப்புப் பாசி வரும், போகும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். அனிமோனுக்குத் தோலும் செதிலும் சேர்ந்த கவசம் கிடையாது. சுற்றியுள்ள தண்ணீர்தான் அதன் உடம்புக்குள்ளும் இருக்கிறது. தண்ணீர் மாறினால் அதற்கு உள்ளும் புறமும் மாறுகிறது.

காத்திருக்கும் அந்த மாதங்கள் உங்களுக்கும் பயிற்சிக் காலம். மூன்று மாதம் தொடர்ந்து அளவெடுத்து எழுதி வைத்துப் பாருங்கள். எண்கள் பெரிதாக ஆடாமல் நின்றால் தொட்டி தயார்.

தண்ணீரின் அளவுகள் என்ன இருக்க வேண்டும்?

வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி சுமார் 1.026. பிஎச் 8.1 முதல் 8.4. காரத்தன்மை 8 முதல் 11 டிகேஎச். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கண்டிப்பாகப் பூஜ்யம். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம்முக்குள் இருந்தால் நிம்மதி. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகத் துடைத்தெடுத்துப் பூஜ்யமாக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பாசிக்கு அதில் கொஞ்சம் தேவை.

இவற்றில் நிறைய பேர் கோட்டை விடுவது உப்பில். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால் 35 இருந்த உப்பு கிட்டத்தட்ட 37க்குப் போய்விடும். ஆறாம் நாள் காலையில் 10 லிட்டர் உப்பில்லாத தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் சில நிமிடங்களில் திரும்ப 35. ஏறியதும் கெடுதி, ஒரேயடியாக இறங்கியது அதைவிடக் கெடுதி. தினமும் ஆர்ஓ தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆவியான தண்ணீரைத் தானாகவே நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் வைக்க முடிந்தால், அனிமோன் வாங்கும் முன் அதை வாங்குங்கள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள். அதையும் 35 பிபிடி கரைசல் வைத்து அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை வளர்ப்பவருக்கு எந்த வகை?

பபிள் டிப். யோசிக்கவே வேண்டாம். கைகளின் (வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளின்) நுனியில் குமிழ் போல உப்பி இருக்கும். தொட்டியிலேயே பிரிந்து பெருகுவதால், கடலிலிருந்து பிடித்து வராத, தொட்டியிலேயே பிறந்த துண்டு கிடைக்கும். அது பயணக் களைப்பு இல்லாதது, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. அப்படிப்பட்டதையே தேடி வாங்குங்கள். 150 லிட்டருக்குக் குறையாத தொட்டி இருக்கட்டும்.

ராக் ஃப்ளவர் அனிமோனும் நல்ல தேர்வு. சிறியது, இடம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆனால் அனிமோன்களுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் அதில் குடியேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கார்ப்பெட் வகைகளும், மக்னிஃபிகா என்கிற ரிட்டேரி வகையும் அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹடோனி கார்ப்பெட் அரை மீட்டருக்கு மேல் விரியும், கிட்டே போகும் மீனைப் பிடித்துத் தின்னும். மக்னிஃபிகாவின் அழகைப் பார்த்து மயங்கி முதலிலேயே அதை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பயணத்தில் மிகவும் அடிபடும் வகை அது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வாயைப் பாருங்கள். இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பிளந்து உள்தசை வெளியே தொங்கினால் வேண்டாம். அடுத்து பாதம். அனிமோன் கண்ணாடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி. ஆனால் கடைக்காரர் அதை எப்படிப் பெயர்க்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிடித்து இழுத்தால் பாதம் கிழியும். கிழிந்த பாதத்தில் தொற்று ஏறினால் பிழைப்பது கடினம். கல்லோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கல்லுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால்கூட லாபம்தான்.

அப்புறம் நிறம். பழுப்பு, பச்சை, சிவப்பு, அடர் ஊதா எல்லாம் சரி. பால்வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ இருந்தால் உள்ளே பாசி போய்விட்டது என்று பொருள். நுனியில் மட்டும் ஊதா இருந்து மற்றதெல்லாம் வெள்ளை என்றாலும் அதே கதைதான். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வெளுத்துப்போன அனிமோனுக்குச் சாயம் ஏற்றி விற்பது இந்தத் தொழிலில் உண்டு.

ஒருமுறை தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கைகள் சட்டென்று ஒட்டிப் பிடித்தால் தெம்பாக இருக்கிறது. தீனி வழுக்கிக்கொண்டு போனால் தெம்பில்லை. நேற்று வந்த சரக்கு என்றால் ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எப்படி விடுவது?

பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பைத் தண்ணீரோடு ஒரு சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்குங்கள். கடைத் தண்ணீரின் உப்பளவு உங்கள் தொட்டியோடு எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவு மெதுவாக. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

நீரோட்ட பம்புகளை நிறுத்திவிட்டு, பாறை இடுக்குக்குப் பக்கத்தில் பாதம் கீழே இருக்கும்படி மெல்ல வையுங்கள். பபிள் டிப்புக்குப் பாதத்தை உள்ளே செருகிக்கொள்ள ஒரு பொந்து வேண்டும். கார்ப்பெட் ஹடோனிக்கும் நீண்ட கை அனிமோனுக்கும் ஆழமான மணல் வேண்டும். மக்னிஃபிகா பாறை உச்சியைத் தேடிப் போகும். பிடித்துக்கொண்ட பிறகு பம்பை மெதுவாகப் போடுங்கள். விளக்கை அன்று குறைத்தே வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

வைத்த இடத்தில் இருக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறதே?

அது அதன் உரிமை. வெளிச்சம், நீரோட்டம், பாதத்துக்குப் பிடிப்பு, மூன்றும் ஒத்துவரும் இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். முதல் ஒரு வாரம் நகர்வது இயல்பு. மேலே மேலே ஏறினால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பாறைக்கு அடியில் போய் ஒளிந்தால் வெளிச்சமோ நீரோட்டமோ அதிகம்.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் பெயர்த்து உங்களுக்குப் பிடித்த இடத்தில் வைப்பது. ஒவ்வொரு முறையும் பாதம் நோகும், தெம்பு குறையும். பவளத்தை உரசும் இடத்துக்கு வந்துவிட்டால் பவளத்தை நகர்த்துங்கள். வேறு வழியே இல்லை, அனிமோனைத்தான் எடுக்க வேண்டும் என்றால் கல்லோடு எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைப் பாதத்தின் ஓரத்தில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தது திடீரென்று கிளம்பினால், தண்ணீரில் ஏதோ மாறியிருக்கிறது. முதலில் உப்பையும் காரத்தன்மையையும் அளந்து பாருங்கள், பிறகு விளக்கை.

பவர்ஹெட்டுக்கு (நீரோட்ட பம்புக்கு) உறை கட்டாயமா?

கட்டாயம். அனிமோன் வருவதற்கு முந்தைய நாளே போட்டுவிடுங்கள்.

என்னுடைய முதல் பபிள் டிப் அப்படித்தான் போனது. நான்கு மாதம் ஒரே இடுக்கில் இருந்தது, இனி நகராது என்று நம்பி உறை போடாமல் விட்டிருந்தேன். ஒரு காலையில் விளக்கு எரிந்தபோது தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. பவர்ஹெட்டின் கம்பி இடைவெளியில் சிவப்பாக ஒரு நூல் ஆடிக்கொண்டிருந்தது. மீதி எல்லாம் தொட்டி முழுக்கக் கரைந்திருந்தது. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் நுரை கக்கிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் போட்டும், சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்கள் போய்விட்டன. ஒரு பஞ்சுத் துண்டு தடுத்திருக்கும்.

பம்பு உறிஞ்சும் பக்கத்தைப் பெரிய துளை உள்ள ஸ்பாஞ்சாலோ நெருக்கமான பிளாஸ்டிக் வலையாலோ மூடுங்கள். தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ சந்துக்கும் வலை வேண்டும். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை அலசாவிட்டால் அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு வெளிச்சம்?

பபிள் டிப்புக்குப் பார் மீட்டரில் (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) 150 முதல் 250 வரை. மக்னிஃபிகாவுக்கும் கார்ப்பெட்டுக்கும் 300க்கு மேல். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம், டைமர் வைத்து, ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையட்டும். மீனுக்காகப் போடும் சாதாரண எல்இடி போதாது. பவளத்துக்கான விளக்கு வேண்டும். விளக்கைப் புதிதாக மாற்றினால் பாதிச் சக்தியில் தொடங்குங்கள்.

தீனி தர வேண்டுமா? எவ்வளவு?

வெளிச்சம் சரியாக இருந்தால் வாரம் ஒருமுறை போதும், கூடிப்போனால் இரண்டு முறை. உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற உயிரி), கடல் இறால், கடல் மீன் சதை, மட்டி. உப்பும் மசாலாவும் படாத, பச்சையாக உறைய வைத்தது. கோழி, மாட்டு இறைச்சி எல்லாம் வேண்டாம்.

துண்டு வாயைவிடச் சிறிதாக இருக்கட்டும்; சுண்டுவிரல் நகத்தில் பாதி என்றால் கணக்குச் சரியாக இருக்கும். பம்பை நிறுத்திவிட்டு நீண்ட இடுக்கியால் கைகளின் நடுவில் மெல்லத் தொடுங்கள். நாலைந்து கைகள் இறாலைப் பற்றும், பக்கத்துக் கைகள் சாய்ந்து வந்து மூடும், வட்டத்தின் ஓரம் மடிந்து பை மாதிரி சுருங்கும். சில நிமிடங்களில் வாய் மேலெழுந்து வந்து துண்டை வாங்கிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அதன் பிறகு பத்து நிமிடம் காவல் இருங்கள். வாய்க்குள் போகும் முன் இறாலும் துறவி நண்டும் வந்து பிடுங்கப் பார்க்கும்.

பெரிய துண்டு கொடுத்தால் அப்போது விழுங்கிவிடும், மறுநாள் பாதி அழுகியதாகக் கக்கிவிடும். செரிக்க முயன்ற தெம்பும் வீண், தண்ணீரும் கெடும். ஆசைப்பட்டு அதிகம் கொடுப்பதைவிடக் கொஞ்சம் பட்டினி போடுவது பாதுகாப்பு.

சுருங்கிப் பந்து மாதிரி கிடக்கிறது. செத்துவிட்டதா?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான், பெரும்பாலும் இரவு நேரத்தில். அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். கழிவைத் தள்ளவும் பழைய தண்ணீரை மாற்றிக்கொள்ளவும் அனிமோன் சுருங்கும். வாயிலிருந்து பழுப்பாக நூல் போல ஏதோ வரும், சில மணி நேரத்தில் திரும்ப விரியும். புதிதாக வந்தது என்றால் முதல் சில நாட்கள் ஒரு நாளில் பலமுறைகூட இப்படிச் செய்யும். இரவில் சுருங்குவதும் உண்டு.

கவலைப்பட வேண்டியது இவற்றுக்கு: வாய் பிளந்தே இருப்பது, உள்தசை வெளியே துருத்துவது, பாதம் எதிலும் ஒட்டாமல் அனிமோன் நீரோட்டத்தில் உருண்டு திரிவது, நாள் கணக்கில் விரியாமலே இருப்பது. ஒன்று தெரிந்தால் கவனியுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் நிலைமை மோசம்.

செத்ததா என்பதற்குச் சந்தேகமற்ற சோதனை மூக்குதான். கிண்ணத்தில் எடுத்து முகர்ந்தால் அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கும். தொட்டால் சளி போலக் கையோடு வரும். அப்படியென்றால் உடனே எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, கார்பன் போடுங்கள். நாற்றம் இல்லை, தொட்டால் கொஞ்சமாவது சுருங்குகிறது என்றால் உயிர் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், நல்ல தண்ணீரும் நேரமும் கொடுங்கள்.

வெளுத்துப்போனது தேறுமா?

தேறும், மாதங்கள் ஆகும். பாசி மொத்தமும் போயிருக்காது; மிச்சம் இருப்பது பெருக வேண்டும். அதுவரை வெளிச்சத்திலிருந்து வரும் உணவு குறைவு என்பதால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மிகச் சிறிய துண்டுகளாகத் தீனி கொடுங்கள். நிறம் வரட்டும் என்று விளக்கை ஒரேயடியாக ஏற்றாதீர்கள், இருப்பதும் போய்விடும். லேசாகப் பழுப்பு படர்வதுதான் முதல் நல்ல சேதி.

பபிள் டிப்பில் குமிழே இல்லை, கைகள் நீளமாகிவிட்டனவே?

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரே அனிமோன் ஒரு மாதம் குமிழோடும் மறு மாதம் நீளக் கைகளோடும் இருக்கும். நிறம் நன்றாக இருந்து, ஒட்டிப் பிடித்து, தின்றுகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாகப் பிரிந்துவிட்டது. நல்லதா, கெட்டதா?

இரண்டும் இருக்கலாம். நன்கு கொழுத்த பபிள் டிப் வளர்ந்து பிரியும்; அதிர்ச்சி பட்டதும் பிரியும், உதாரணமாகப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றிய மறுநாள். எப்படியானாலும் இரண்டு துண்டுக்கும் காயம் ஆறும்வரை ஒரு வாரம் தீனி வேண்டாம். வாய் சரியாகி, விரிந்து நின்ற பிறகு தொடங்கலாம். ஒன்றிலிருந்து பிரிந்தவை பக்கத்துப் பக்கத்தில் சண்டை இல்லாமல் வாழும். வேறு வேறு இன அனிமோன்களை ஒரே தொட்டியில் போடுவது வேறு விஷயம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கோமாளி மீன் இல்லாமல் வாழுமா? மீன் ஏன் பக்கத்திலேயே போவதில்லை?

வாழும். கோமாளி மீனும் அனிமோன் இல்லாமல் தொட்டியில் நன்றாகவே வாழும். சேர்ந்தால் இருவருக்கும் லாபம்: மீனுக்கு அடைக்கலம், அனிமோனுக்கு மீனின் கழிவிலிருந்து பாசிக்கு உரம், மீன் புரள்வதால் புதுத் தண்ணீரும் காற்றும்.

கடலில் கோமாளி மீனுக்கு வீடாக இருப்பது பத்து அனிமோன் இனங்கள்தான். ஆரஞ்சும் வெள்ளையுமான ஓசெல்லாரிஸ் கோமாளி மீன், கடலில் பபிள் டிப்பில் வாழ்வதில்லை. தொட்டியில் நிறைய ஓசெல்லாரிஸ் அதை ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. தொட்டியில் பிறந்த குஞ்சு அனிமோனையே பார்த்திருக்காது. ஒரு நாளிலும் போகலாம், ஒரு வருடமும் ஆகலாம். பிடித்துத் தள்ளி எல்லாம் பழக்க வேண்டாம். மரூன் கோமாளி மீனுக்கும் தக்காளிக் கோமாளி மீனுக்கும் பபிள் டிப்தான் சொந்த வீடு, அவை பெரும்பாலும் உடனே ஏறிக்கொள்ளும். ஆனால் சின்ன அனிமோனைப் பெரிய மரூன் மீன் புரட்டிப் புரட்டியே நோகடித்துவிடும். மீனின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாவது அனிமோன் இருக்கட்டும்.

யாரோடு சேர்த்து வைக்கக் கூடாது?

பட்டாம்பூச்சி மீன், டிரிகர், பஃபர், பெரிய ஏஞ்சல் ஆகியவை அனிமோனைக் கொறிக்கும். கடல்குதிரை போன்ற மெதுவான மீன்களை அனிமோன் பிடித்துவிடும். பீங்கான் நண்டும், வாலைத் தூக்கி ஆடும் குட்டி செக்ஸி இறாலும் நல்ல குடித்தனக்காரர்கள்.

மீனுக்கு மருந்து போட வேண்டியிருந்தால்?

தனித் தொட்டியில் மட்டும். செம்பு கலந்த மருந்து அனிமோனைக் கொன்றுவிடும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும் என்பதால், முன்பு செம்பு போட்ட தொட்டியின் பாறையையும் நம்ப வேண்டாம்.

பாறையில் தானாகவே குட்டிக் குட்டி அனிமோன் முளைத்திருக்கிறது. அதிர்ஷ்டமா?

அநேகமாக ஐப்டேசியா. கண்ணாடி போன்ற பழுப்பு உடம்பு, மெலிந்த கைகள், நிழல் பட்டால் சட்டென்று பொந்துக்குள் மறையும். லைவ் ராக்கோடு (உயிரினங்கள் குடியிருக்கும் கடற்பாறை) ஒட்டிக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பிவிடும் களை அது, பவளத்தையும் கொட்டும். கத்தரித்தோ சுரண்டியோ எடுக்காதீர்கள். விட்டுப்போன ஒரு துணுக்கிலிருந்து புதிதாக முளைக்கும். ஒன்றிரண்டு என்றால், பம்பை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பை ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயின் மேல் வையுங்கள். ஒரே நாளில் நிறைய வேண்டாம், பிஎச் ஏறிவிடும். பரவிவிட்டது என்றால் பெப்பர்மின்ட் இறால் உதவும், ஆனால் சில இறால்கள் நல்ல அனிமோனையும் சீண்டும். ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற கடல் நத்தை கிடைத்தால் அதுவே மேல்.

நம் கையைக் கொட்டுமா?

பபிள் டிப் பட்டால் கையில் பசை மாதிரி ஒட்டுவதுதான் தெரியும். கார்ப்பெட் அப்படியில்லை, மணிக்கட்டின் உட்புறம், முன்னங்கை போன்ற மெல்லிய தோலில் தடித்துச் சிவக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்காகவும் அதற்காகவும். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். மூச்சு இழுத்தாலோ உடம்பு வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை வருடம் வாழும்?

ஸ்காட்லாந்தின் இயற்கை ஆய்வாளர் சர் ஜான் டேலியல் 1828இல் கடலோரத்தில் ஒரு சிவப்பு அனிமோனை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். விளக்கு தேவைப்படாத, குளிர்கடல் இனம் அது. பம்பு, ஸ்கிம்மர் எதுவும் அங்கே கிடையாது. கடல்நீரை மாற்றுவதும், கொஞ்சம் மட்டிச் சதை கொடுப்பதும்தான் பராமரிப்பு. 1851இல் அவர் இறந்தார். அனிமோன் வேறு கைகளுக்கு மாறியது, அதற்குப் 'பாட்டி' என்று பெயரும் வந்தது. நூற்றுக்கணக்கில் குட்டிகளை ஈன்று, 1887இல்தான் பாட்டி இறந்தது. வளர்த்தவருக்குப் பின் 36 ஆண்டுகள், சாடிக்கு வந்து 59 ஆண்டுகள்.

அதனால் வாங்கும்போதே, ஊரில் இல்லாத நாட்களில் தண்ணீர் ஊற்றப்போவது யார், பின்னாளில் இதை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.